தாக்குப்பிடிக்க முடியுமா என்ற கேள்வி

வீடு, கடை, மனை என்று வாங்கி வாடகைக்கு விடுவதைத் தொழிலாக வைத்திருப்பவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "எங்கே வாங்கினால் விலை ஏறும்?" என்பதைத்தான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். விலை ஏறும்வரை அந்தச் சொத்தை விற்காமல் வைத்திருக்க என்னால் முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் கைப்பணத்தை இழந்தவர்களில் நான் கண்ட பலர், வாங்கியது நல்ல சொத்துதான். கடன் நெருக்கியதால் விற்கக் கூடாத நேரத்தில் விற்க நேர்ந்துவிட்டது.

ஒரு சொத்தின் விலை 100, ஆண்டு வாடகை 6 என்று வைத்துக்கொள்வோம். "6 சதவீதம் வருது சார்" என்று தரகர் முடித்துவிடுவார். குடியிருப்பவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போகும் என்பதால் நான் 5.5 என்றே எழுதுவேன். வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 1.5 போனால் மிச்சம் 4. கையிலிருந்து 20 போட்டு, 80க்கு 7 சதவீத வட்டியில் கடன் வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 5.6. ஆண்டுதோறும் 1.6 துண்டு விழும், அசல் தனி.

இது எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஆண்டின் கணக்கு. ஆறு மாதம் யாரும் குடிவராமல், வட்டியும் 9 சதவீதமாகிவிட்டால் துண்டு 5.7க்குப் போய்விடும். நாம் போட்ட 20இல் கால் பங்குக்கும் மேல் அது. அந்தத் தொகை கையிருப்பில் இல்லையென்றால் அந்தச் சொத்து எனக்கானது இல்லை. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலைக் குறியீடு மறுபடி அந்த உயரத்துக்கு வந்தது 2016இல்தான். தவணை கட்ட வழியிருந்தவர்கள் அந்தப் பத்தாண்டைக் கடந்து வந்தார்கள். மற்றவர்களின் வீடுகள் ஏலத்துக்குப் போயின.

கணக்கு தேறிய பிறகுதான் நேரில் போவேன். பகலில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை, முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாளும். தரைத்தளத்தில் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்ப்பேன். நிலத்து ஈரம் சுவரில் ஏறினால் பெரும்பாலும் இடுப்பளவு உயரத்துக்குள்தான் நிற்கும். அங்கே பூச்சு உப்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட் இருக்க, ஒரு சுவரில் மட்டும் கீழ்ப்பாதி புதிதாக அடித்திருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். குளியலறைக்கு நேர் கீழே இருக்கும் கூரை மூலையும் இப்படித்தான், கறை காட்டிக்கொடுத்துவிடும். குடியிருப்பவரிடம் பேசவும் தவறுவதில்லை. தண்ணீர் எப்படி வருகிறது, மழையில் எங்கே ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு விற்பவருக்கே தெரியாது.

பத்திரங்களைப் பொறுத்தவரை ஒரே விதிதான். விற்பவர் காட்டும் வழக்கறிஞரிடம் போக மாட்டேன், எனக்கென்று ஒருவர் இருக்கிறார். அவர் சரி என்று சொல்லும்வரை முன்பணம் கிடையாது. "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்ற அவசரத்துக்கு என் பதில், "அவங்களுக்கே கொடுத்துடுங்க" என்பதுதான். கோபமாகச் சொல்வதில்லை, மனதாரவே சொல்கிறேன்.

அப்படி நான் விட்ட ஒரு கட்டடத்தை வேறொருவர் வாங்கினார், விலையும் நன்றாக ஏறியது. தரகர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார். அவருக்கு அது நழுவிப்போன வாய்ப்பு. எனக்கோ, ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் தவணை கட்ட வழியில்லாத கட்டடம். இன்று அதே எண்களோடு இன்னொன்று வந்தாலும் வேண்டாமென்றுதான் சொல்வேன்.