இரைச்சலோடு மூன்று வருடம்

தொடர்பியல், அதாவது ஊடகப் படிப்பு, படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது பாதிப் பேர் தொலைத்தொடர்பு என்று நினைத்துக்கொண்டார்கள். டவரில் எல்லாம் ஏற வேண்டுமா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். மீதிப் பேர், டிவியில் செய்தி வாசிக்கப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கும் அவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நன்றாகப் பேசுவேன், கேமரா பிடிக்கும். அந்தத் தைரியத்தில்தான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன்.

சேரும் முன் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பச்சைத் திரை, மூன்று கேமரா, சத்தம் புகாத ஒலிப்பதிவு அறை. வாய் பிளந்து பார்த்தேனே தவிர, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: இந்தக் கேமரா ஒரு மாணவர் கையில் எத்தனை நாள் இருக்கும்? முதல் வருடம் முழுவதும் அந்த ஸ்டுடியோவைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். இரண்டாம் வருடம் கேமரா கிடைத்தது, ஆறு பேருக்கு ஒன்று. காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆய்வகக் கட்டணத்தை மட்டும் முதல் செமஸ்டரிலிருந்தே வாங்கிக்கொண்டார்கள். இதே படிப்பில் சேர நினைப்பவர்கள் கட்டடத்தைப் பார்க்காமல், கருவி அறைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் வருடம் கோட்பாடுதான். அமெரிக்க அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1948இல் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்கள்: யார், எதை, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார்? அதே 1948இல் வந்ததுதான் செய்தி போகும் பாதையைக் காட்டும் கிளாட் ஷானனின் வரைபடம். ஷானன் பெல் ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர். பேச்சின் பொருளைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, ஒரு முனையில் போட்டது மறுமுனையில் சிதையாமல் வந்து சேர்கிறதா என்பதுதான் அவருடைய கணக்கு. மூலம், அனுப்பி, தடம், பெறுவி, இலக்கு என்று வரிசையாகப் பெட்டிகள். நடுவில், கீழேயிருந்து அம்புக்குறியால் குத்துகிற ஒரு பெட்டி: இரைச்சல். பரீட்சையில் அளவுகோல் வைத்து அழகாக வரைந்தேன். முழு மதிப்பெண்.

இரண்டாம் வருடம் வானொலிப் பாடத்துக்காக ஒரு நேர்காணல் செய்ய வேண்டியிருந்தது. அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். துறையின் கருத்தரங்க அறையில் உட்கார வைத்துப் பேச வைத்தேன். நாற்பது நிமிடம் பேசினார். எந்த எழுத்து எந்தக் குழியில் கிடக்கும் என்று விரலால் காற்றில் தடவிக் காட்டினார். ஒருமுறை தலைப்பில் ஓர் எழுத்து கால் (ா) வாங்காமல் போனதால் ஊரே சிரித்த கதையைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட்ஃபோன் மட்டும் பைக்குள் இருந்தது.

அன்றிரவு போட்டுக் கேட்டால், குரலுக்கு அடியில் ஏசியின் உறுமல். நேரில் கேட்கும்போது காது தானாகவே ஒதுக்கிவிடும் சத்தம், மைக்குக்கு அந்தப் பாரபட்சம் தெரியாது. மென்பொருளில் போட்டு இரைச்சலைக் கழித்தேன். பெரியவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல ஆகிவிட்டார். மேடம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினார். "ஷானன் படத்தில் கீழே இருக்கும் பெட்டியை நீ சரியாகத்தானே வரைந்திருந்தாய்?" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை.

திரும்பவும் பெரியவரிடம் போனேன். இந்த முறை ஹெட்ஃபோன் காதில். ஏசி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தினேன். குரல் உடையாமல் இருக்க, மீட்டரில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். எடிட்டிங்கில் ஒட்டுப் போட உதவும் என்று அறையின் வெறும் மௌனத்தையும் 30 விநாடி பதிவு செய்தேன். எல்லாம் சுத்தம். ஆனால் பெரியவர் பதினைந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். கால் வாங்காத கதையைக் கேட்டதற்கு, "அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா" என்று இரண்டு வரியில் கடந்துவிட்டார். விரல் அசையவே இல்லை. சுத்தமான அந்தப் பதிவைக் கொடுத்து மதிப்பெண் வாங்கினேன்.

இன்டர்ன்ஷிப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்பாடு செய்து தருவோம் என்றார்கள், கடைசியில் நானே மின்னஞ்சல் அனுப்பித் தேடிக்கொண்டேன். இரண்டு மாதம் வீடியோக்களுக்கு வசன வரி போட்டேன்.

கடைசி வருட ஆய்வுதான் உண்மையில் பிழிந்தெடுத்தது. மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டு, அந்தப் பதில்களைச் செய்திகள் முன்னிறுத்தியவற்றோடு ஒப்பிட்டார்கள். 1972இல் வெளியானது. வாக்காளர்கள் சொன்னதும் செய்திகள் முன்னிறுத்தியதும் வியக்கும் அளவுக்கு ஒத்துப்போயின. நான் எடுத்துக்கொண்டது அதில் பாதி மட்டும்: இரண்டு நாளிதழ்கள், ஒரு மாதம், முதல் பக்கம். ஒவ்வொரு செய்தியையும் அரசியல், குற்றம், பொருளாதாரம் என்று வகை பிரிக்க வேண்டும். நான் பிரித்தது என் தனிப்பட்ட அபிப்பிராயமாகிவிடக் கூடாது என்பதால், அதே செய்திகளைத் தோழி ஒருத்தியும் தனியாகப் பிரிப்பாள்.

முதல் சுற்றில் பத்துக்கு நான்கு செய்திகளில் முட்டிக்கொண்டோம். ஓர் அரசியல்வாதி கைதானால் அது அரசியலா, குற்றமா? எனக்கு அது கேள்வியே இல்லை, அரசியல். அவளுக்கும் அது கேள்வியே இல்லை, குற்றம். விதிமுறைக் குறிப்பை நான்தான் எழுதினேன், எனக்கு அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. நான்கு முறை திருத்தினேன். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் கோஹன் கப்பா அளவு (முழுதும் ஒத்துப்போனால் 1) 0.8ஐத் தொட்டதும்தான் வழிகாட்டி மேலே போக விட்டார். எங்களுக்கு நடுவில் ஏசி எதுவும் ஓடவில்லை. இரைச்சல் முழுக்க என் வாக்கியத்திலேயே இருந்தது.

படிப்பு முடிந்து போர்ட்ஃபோலியோ தயாரித்தபோது பன்னிரண்டு வேலைகளை மூன்றாகக் குறைத்தேன். அதில் பெரியவரின் நேர்காணல் ஒன்று. யோசித்துப் பார்த்து, உறுமல் உள்ள முதல் பதிவையே எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வசன வரி போட்டேன். அனுமதி கேட்கப் போனபோது பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். கால் வாங்காத கதை வந்ததும் விரல் தானாக அசைந்தது.

"நல்லாத்தான்மா இருக்கு. பின்னாடி ஏதோ மெஷின் ஓடுதே, அச்சகத்துலயா எடுத்தோம்?" என்றார்.