பகலுக்கு எல்இடி, இரவுக்கு கேமரா: ஏரோசால் அளவீடு இதுவரை

காற்றில் மிதக்கும் தூசு, புகை, உப்புத் துகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரோசால். சூரிய ஒளி எவ்வளவு மங்கி வந்து சேர்கிறது என்று பார்த்தே அதைத் தரையிலிருந்து அளந்துவிடலாம். என் பகல் கருவி முன்பே தயார். இப்போது இரவுப் பகுதியும் ஓரளவு கைகூடியிருக்கிறது.

பகல் கருவியில் புதுமை ஒன்றும் இல்லை. எல்இடியின் மேல் ஒளி பட்டால் சிறிது மின்னோட்டம் தரும். அதுவும் தான் உமிழும் நிறத்தைவிடச் சற்றே குறைந்த அலைநீளத்தில், ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும். தனி வடிகட்டி இல்லாமலே இதை வைத்துச் சூரிய ஒளிமானி செய்யலாம் என்று அமெரிக்க அமெச்சூர் அறிவியலாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் 1992-இல் எழுதினார். பச்சை எல்இடி, அதன் சிறு மின்னோட்டத்தைப் பெருக்கிக் காட்ட ஒரு ஆப்-ஆம்ப் சில்லு, மல்டிமீட்டர், முன்னால் கறுப்புக் குழாய், அவ்வளவுதான். குழாயோடு ஒட்டிய ஊசித்துளை வழியே விழும் ஒளிப்பொட்டு குறிக்குள் வரும்வரை திருப்ப வேண்டும். சூரியனை நேரே பார்க்கவே வேண்டாம். பொட்டு சரியாக உட்காரும்போது மீட்டர் உச்சத்தைத் தொடும், அதைத்தான் குறிக்கிறேன். வானம் தெளிவாகத் தெரியும்போதே எண் மெல்லச் சரிந்தால் கீற்று மேகம் கடக்கிறது என்று அர்த்தம். அந்த அளவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தலைவலி அளவுதிருத்தத்தில். வளிமண்டலமே இல்லாவிட்டால் மீட்டர் என்ன காட்டும் என்று தெரிய வேண்டும். அதற்கு லாங்லி முறை. ஒளி கடக்கும் காற்று, சூரியன் உச்சியில் இருக்கும்போது 1 என்றால் 30 பாகை உயரத்தில் 2. அதற்கு எதிரே மீட்டர் அளவின் மடக்கையை வரைந்தால் நேர்கோடு வரும். கோட்டைப் பூஜ்யம் வரை நீட்டினால் வேண்டிய எண். சரிவுதான் மொத்த ஒளியியல் தடிமன், அதாவது காற்று ஒளியை எவ்வளவு மங்கவைக்கிறது என்பதன் அளவு. ஆனால் வெயில் ஏறினதும் தூசு கிளம்பிக் கோடு வளைந்துவிடுகிறது. தொழில்முறைக் கருவிகளை மலை உச்சிக்குக் கொண்டுபோய்த் திருத்துவது சும்மா இல்லை.

இரவுக்கு வருவோம். ஏரோசாலை உலகெங்கும் அளக்கும் வலையமைப்பான ஏரோநெட்டின் நிலையங்களில் உள்ள புதிய கருவிகள் நிலவொளியிலும் அளக்கின்றன. முழுநிலவே சூரியனைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு மங்கல் என்பதால் என் எல்இடிக்கு அது எட்டாத உயரம். அதனால் கேமராவில் விண்மீன்கள்.

அகலக் கோண லென்ஸ், முக்காலி, கேமரா திருத்தாத ரா கோப்பு, அதில் பச்சைச் சேனல் மட்டும். உச்சியிலும் அடிவானத்தருகிலும் உள்ள விண்மீன்கள் ஒரே படத்தில் விழுவதால், பகலில் காலை முழுக்கக் காத்திருந்து போடும் கோடு இங்கே ஒரே படத்தில் வந்துவிடுகிறது. திசைக்குத் திசை தூசு மாறாமல் இருந்தால் போதும். லென்ஸ் ஓரத்து இருட்டை மட்டும் முதலில் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் தூசுக் கணக்கில் சேர்ந்துவிடும். நிறச் சிக்கல் வராதிருக்க வெகா போன்ற வெண்ணிற விண்மீன்களையே எடுக்கிறேன். சரிவு பொலிவெண்ணில் (விண்மீன் பிரகாசத்தின் அலகு) கிடைக்கும், 1.086-ஆல் வகுத்தால் ஒளியியல் தடிமன். கடல்மட்டத்தில் பச்சை ஒளிக்குக் காற்று மூலக்கூறுகளின் பங்கு ஏறத்தாழ 0.11. அதைக் கழித்து, ஓசோனுக்கும் கொஞ்சம் விட்டால் மீதி ஏரோசால்.

தெளிந்த நாட்களில் மாலைக் கடைசி அளவும் இரவின் முதல் அளவும் நன்றாகவே ஒட்டிப்போகின்றன. புகை நாட்களில் அப்படி இல்லை. துகள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் இதில் தெரியாது. அதற்கு லேசர் துடிப்பை அனுப்பித் திரும்பும் ஒளியை அளக்கும் லைடார் வேண்டும், 2006 முதல் 2023 வரை காலிப்சோ செயற்கைக்கோள் இரவு பகலாகச் செய்த வேலை அது. எனக்கு அடுத்தது ஒரு சிவப்பு எல்இடி. இரண்டு நிறத்தின் வித்தியாசத்திலிருந்து துகள் பொடியா பெரிதா என்று சொல்லிவிடலாம்.