பாம்பன்ல இறங்குங்க

ராமேஸ்வரம் போறவங்கள்ல பாதிப் பேரு பாம்பன்ல இறங்குறதே இல்ல, பாலத்தை ஒரு வீடியோ எடுத்துட்டு நேரா தீர்த்தமாட ஓடிருவாங்க. எனக்குப் பாம்பன்லதான் வேலை. எங்க அப்பத்தா இந்தக் கரையில கடல்பாசி எடுத்தவங்க, அப்பா டவுனுக்கு வேலைக்குப் போனதும் கடல் எங்களுக்கு விட்டுப்போச்சு, ஆனா நான் நாலு கதை எழுதுனதும் கூட்டத்துல ‘கடலோடி எழுத்தாளர்’னு மைக்ல சொல்றாங்க, எனக்கு நீச்சலே ஒழுங்கா வராது. அந்தக் கூச்சம்தான் கிளப்பி விட்டுச்சு.

ஈசிஆர் வழியா வந்ததால மொதல்ல ஓரியூர். 1693ல அருளானந்தர்ங்குற கிறிஸ்தவப் பாதிரியாரை வெட்டுன ஊரு, அவரு ரத்தம் பட்டுதான் மண்ணு செவந்துச்சுன்னு நம்பிக்கை. நெத்தி நிறைய திருநீறோட ஒரு அம்மா அந்த மண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஏர்வாடி தர்காவுலயும் அப்படித்தான், யாரு என்ன மதம்னு கண்டுபிடிக்கவே முடியல. இதை மத நல்லிணக்கம்னு போஸ்டர் அடிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னா போறாங்க, போன படகு கரைக்கு வரலன்னா போறாங்க, அவ்ளோதான்.

பாம்பன் ஒட்டி இருக்குற சின்னப்பாலத்துக்கு நான் போனது அமாவாசை சமயம், பொம்பளைங்க பாசிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. பாறை கிழிச்சிரும்னு விரல் விரலா துணி சுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்புல வலைப்பை. அடியில முங்கி மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிச்சு எடுக்கணும், நோன்பு மாசத்துல நாம சாப்பிடுற கடல்பாசி இருக்குல்ல, அந்த அகர் அகர் இந்த மாதிரிப் பாசியில இருந்துதான் வருது. படகுல ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தங்க சிலுவை போட்டாங்க, பக்கத்துலயே இன்னொருத்தங்க கடல் தண்ணியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, ரெண்டு பேரும் அதே வாயோட வெத்தலை பாக்கி பத்தி சண்டை போட்டுக்கிட்டுதான் ஏறுனாங்க.

“யாரு வீட்டுப் புள்ளத்தா நீ?”ன்னு ஒரு பெரியம்மா கேட்டாங்க. அப்பத்தா பேரைச் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, “அட அவளா, அவளுக்கு மூச்சு ரொம்ப நிக்குமே!”ன்னாங்க. அடுத்ததா “உனக்கு எம்புட்டு நிக்கும்?”னு கேட்டதும் படகே சிரிச்சிருச்சு. மேடையில எத்தனையோ அறிமுகம் கேட்டாச்சு, இது மாதிரி ஒண்ணு வந்ததில்ல.

எதிர்க்கத் தெரியுற தீவுகளைப் பத்தி பேச்சு வந்ததும் அந்தம்மா முகம் மாறிருச்சு. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவையும் 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சுட்டாங்க, நினைச்சபடி இறங்க முடியாது. பவளப்பாறையைக் காப்பாத்தணும், அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா “அந்தத் தீவுலதான் கஞ்சி காய்ச்சிக் குடிச்சோம், காத்து அடிச்சா ஒதுங்குனோம், இப்ப எங்களையே யாருன்னு கேக்குறாய்ங்க”ன்னு அவங்க சொன்னப்ப என்கிட்ட பதில் இல்ல. நான் யாருன்னு எனக்கு மைக் போட்டுச் சொல்றாங்க, இவங்க அடையாளக் கார்டு காட்டி நிரூபிக்கணும்.

போறதா இருந்தா அமாவாசை, பௌர்ணமி ஒட்டி விடிகாலைல போங்க. போட்டோவைக் கேட்டுட்டு எடுங்க, கேக்காம எடுத்த ஒரு பையனுக்கு என் முன்னாடியே செம டோஸ் விழுந்துச்சு, நியாயமான டோஸ்தான்.