அம்மாவின் ரிப்போர்ட்

திருச்சியில் வீட்டிலிருந்தபடி மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். லேப்டாப் என்னுடையது. அதில் கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் 'ஐடில்' என்று குறித்துக்கொள்ளும். அது தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

போன மாதம், சாப்பாட்டு நேரத்தில், அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் மெயிலில் வந்தது. பிரேக் போட்டுவிட்டுத் திறந்தேன். படித்துவிட்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன். நான்கு மணிக்கு டீம் லீட் கூப்பிட்டார். "ஏதோ ரிப்போர்ட் திறந்திருக்கீங்களே, க்ளையன்ட் சார்ட்டா?" அம்மாவின் பெயர், வயது, கட்டியின் அளவு எல்லாம் அவர் முன்னால். வீட்டில் ஒருவருக்கும் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளின் விவரத்தைக் காக்க அமெரிக்காவில் 1996-லேயே ஹிப்பா சட்டம் போட்டார்கள். முகம் தெரியாதவர்களின் நோயை எட்டு வருடமாக என் மனதோடு வைத்துக் காத்து வருகிறேன். என் அம்மாவின் நோய்க்கும் அந்த மரியாதை வேண்டும்.

அப்புறம் சட்டத்தைத் தேடினேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஏழாவது பிரிவில், வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாள இடம் தருகிறது. அதைப் படித்து மனசு விட்டுப்போயிற்று.

புட்டசாமி தீர்ப்பு வந்த இரண்டே வாரத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பார்புலெஸ்கு என்ற ருமேனியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. சகோதரரோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் மெசஞ்சரில் பேசியதைக் கம்பெனி எடுத்து வைத்து, 2007-இல் அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தது. எந்த அளவுக்குப் பார்ப்போம் என்று முன்பே சொன்னார்களா? நீதிபதிகள் கேட்ட முக்கியக் கேள்வி அதுதான். என் கேள்வியும் அதுதான்.

ஹெச்.ஆருக்கு எழுதினேன்: எதையெல்லாம் எடுக்கிறீர்கள், பிரேக்கிலும் எடுப்பீர்களா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் யார் பார்ப்பார்கள்? அந்தப் படத்தை அழித்துவிட்டதாக மட்டும் பதில் வந்தது. நேற்று அதே மெயிலை மறுபடி அனுப்பினேன். திங்கட்கிழமை அம்மாவுக்கு முதல் கீமோ. ரிப்போர்ட்டெல்லாம் இப்போது போனில்தான் பார்க்கிறேன்.