பத்தாம் நம்பர் ஜெர்சி

போன வாரம் மகனின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடியில் ஒரு சிவப்பு ஜெர்சி கிடைத்தது. முதுகில் 10, அதற்கு மேலே அப்போது மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணிக்கு ஆடிய ராஷ்ஃபோர்டின் பெயர். பதினோரு வயதில் வாங்கிக் கொடுத்தது. இப்போது அவனுக்குப் பதினாறு, தலைகூட நுழையாது. "தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டேன். "அவரே பார்சிலோனாவுக்கு ஆடப் போயிட்டார், உங்க இஷ்டம்மா" என்றான். நான் மடித்துத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைட் என்ற விதியை உப்புச் சீசா, மிளகுச் சீசா வைத்தெல்லாம் விளக்கிப் பார்த்து வீட்டில் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் மான்செஸ்டரில் ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய நேர உதவியாளராக ஏழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மேசை துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, கெட்ச்அப் சண்டையை விலக்குவது, இதுதான் வேலை. ராஷ்ஃபோர்ட் எனக்கு அறிமுகமானது அந்தச் சாப்பாட்டுக்கூடம் வழியாகத்தான்.

இங்கிலாந்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் பள்ளியில் மதியச் சாப்பாடு இலவசம். ஏழு வயது தாண்டியதும் வீட்டு நிலைமையைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். தூத்துக்குடி பக்கம் நான் சத்துணவு சாப்பிட்ட பள்ளியில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்டதில்லை. தட்டை நீட்டினால் சோறு விழும். அதனால் இந்த விண்ணப்ப சமாச்சாரம் எனக்குப் பழகவே நாளாயிற்று. இன்னொன்று, பள்ளிக்கு லீவு விட்டால் அந்தச் சாப்பாட்டுக்கும் லீவு. எங்கள் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டே, "திங்கட்கிழமை என்ன போடுவீங்க?" என்று கேட்பான். ஒவ்வொரு வெள்ளியும் கேட்பான். முதலில் வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சுகாதார அமைச்சர் டிவியில் வந்து, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தங்கள் பங்கைச் செய்யட்டும் என்றார். நானும் தலையாட்டினேன். வாரத்துக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள்தானே, கொடுத்தால் என்ன? ஒரு வாரத்துக்குள் லிவர்பூலின் ஜோர்டன் ஹெண்டர்சன் முதலானவர்கள் ஒன்றுசேர்ந்து, அரசு மருத்துவமனைகளுக்கான அறக்கட்டளைகளுக்குத் தாங்களே நிதி திரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

ராஷ்ஃபோர்ட் அப்போது முதுகில் அடிபட்டு ஜனவரியிலிருந்தே ஆடாமல் இருந்தார். வயது 22. ஃபேர்ஷேர் என்ற உணவு அறக்கட்டளையோடு சேர்ந்து, பள்ளிச் சாப்பாடு நின்றுபோன பிள்ளைகளுக்காகக் கேட்க ஆரம்பித்தார். 20 மில்லியன் பவுண்டு அளவுக்குச் சேர்ந்தது. ஜூன் 15 அன்று எம்.பி.க்கள் எல்லாருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கோடை விடுமுறைக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வவுச்சர் கொடுங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. இலவசமாகக் கொடுக்கும் கிறிஸ்துமஸ் விருந்தை வாங்க வருஷா வருஷம் குடும்பத்தோடு நார்த்தர்ன் மூர் என்ற பகுதிக்குப் போனதை அதில் எழுதியிருந்தார். வேலைக்கு மேல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த அம்மாவைப் பற்றியும் எழுதியிருந்தார். அவர் பிறந்து வளர்ந்த விதென்ஷா எங்கள் ஊரின் தெற்குக் கோடி. அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் நம்ம ஊர் நர்ஸ்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள்.

மறுநாளே அரசு இறங்கி வந்தது. பிள்ளைக்கு வாரம் 15 பவுண்டு, ஆறு வாரம், சுமார் 13 லட்சம் பிள்ளைகள், 120 மில்லியன் பவுண்டு.

எனக்குச் சந்தோஷம்தான், கூடவே கடுப்பும். ஒரு வீட்டு விஷயமாக நான் எங்கள் எம்.பி.க்கு எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்து "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்தது. இவர் எழுதினால் ஒரே நாள். அந்த முதுகுவலி இல்லாமல் இருந்திருந்தால், ஆட்டங்கள் வழக்கம்போல நடந்திருந்தால், இதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்திருக்குமா? 13 லட்சம் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு ஒரு ஆட்டக்காரரின் முதுகெலும்பை நம்பியா இருந்தது?

அக்டோபரில் மறுபடியும் அதே கதை. 20-ஆம் தேதி பாரிஸில் கடைசி நிமிடங்களில் கோல் போட்டு யுனைடெட்டை ஜெயிக்க வைத்தார். வீட்டில் ஒரே கூச்சல். மறுநாள் நாடாளுமன்றத்தில், பள்ளி விடுமுறைகளிலும் சாப்பாடு தரும் தீர்மானம் 261-க்கு 322 என்று தோற்றது. அப்புறம் நடந்ததுதான் நான் மறக்காதது. மகன் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். ராஷ்ஃபோர்டின் ட்விட்டர் பக்கத்தில் ஊர் ஊராகக் கடைகள். சிப்ஸ் கடை, கஃபே, பப் என்று ஒவ்வொன்றும் லீவு வாரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் தருவதாக அறிவிக்க, அவர் ஒவ்வொன்றாகப் பகிர்ந்துகொண்டே இருந்தார். "வந்து வாங்கிக்கோங்க, எதுவும் கேட்க மாட்டோம்" என்று ஒரு கடைக்காரர் போட்டிருந்தார். தட்டை நீட்டினால் சோறு. நவம்பர் 8 அன்று அரசு இரண்டாவது முறையாக இறங்கி வந்தது.

அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரிக்கிற ஆட்டக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்புத்தான் வரும். இவரிடம் எனக்குப் பிடித்தது, இதே வரிசையில் நானும் நின்றவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை. பள்ளியில் அந்த வரிசையில் நிற்கக் கூசுகிற பெரிய பிள்ளைகளைப் பார்த்தவளுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

2021 ஜூலையில் யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இவர் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டது. இங்கிலாந்து தோற்றது. அரசியலை விட்டு ஆட்டத்தைப் பார்த்திருக்கலாம் என்று ஒரு எம்.பி. சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் முடிந்த இரவே, எங்கள் ஊர் விதிங்டன் பகுதியில் ஒரு கஃபே சுவரில் இருந்த அவருடைய பெரிய ஓவியத்தின் மீது யாரோ கிறுக்கிவிட்டார்கள். அந்தக் கிறுக்கலைக் குப்பைப் பை ஒட்டி மறைத்தார்கள். அதன் மேல் சீட்டுகள், இதயங்கள், கொடிகள்.

செவ்வாய் சாயங்காலம் நாங்களும் போனோம். மகன் பஸ்ஸிலேயே எழுதி முடித்துவிட்டான், என்னிடம் காட்டவில்லை. நான் சுவருக்கு முன்னால் நின்று யோசித்துவிட்டு, மஞ்சள் சீட்டில் தமிழில் "சாப்பிட்டியா ராசா?" என்று எழுதினேன். டேப் சுவரில் ஒட்டவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கி, "இதுக்கு அடியில சொருகு" என்றார். சொருகிவிட்டு வந்தேன்.