உருவம் இல்லை, காது உண்டு

சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "சாமிங்கறது கரண்டு மாதிரிடா. எங்கேயும் ஓடும், கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு உன் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது" என்பார். சித்தி போய் ஒரு வருஷம் முடிந்து, ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கக் கிளம்பிய அன்றும் இதைச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

ராமநாதபுரத்திலிருந்து முதலில் தேவிபட்டினம். ராமர் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் நவக்கிரகங்கள் கடலுக்குள் நிற்கின்றன. பார்த்தால் ஒன்பது கல், அவ்வளவுதான். கண் இல்லை, வாய் இல்லை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. கரைப்பக்கம் கடலடைத்த பெருமாள் அலையை அடக்கிவைத்ததால் தண்ணீர் குளம்போல் கிடக்கிறது என்பது ஊர்க்கதை. எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்திருந்த நவதானியத்தைத் தூவிவிட்டு ஒரு கல்லைப் பார்த்துக் கத்தினாள்: "ஏழரை வருஷம் பத்தாதா உனக்கு? என் பேரனை விட்டுட்டுப் போயேன்!"

"கல்லைத் திட்டுது பாரு" என்றார் சித்தப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரண்டைத் திட்டி நான் யாரையும் பார்த்ததில்லை. கரண்டு ஆபீசைத் திட்டுவோம். அங்கே ஆள் இருக்கிறார்.

அடுத்து உத்தரகோசமங்கை. மரகத நடராசர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அதைக் களைந்து திருமேனியைக் காட்டுவார்கள். நாங்கள் போனது ஆவணியில். சந்தனத்தைத்தான் கும்பிட்டோம். திருப்புல்லாணியில் நடை சாத்தும் நேரம், அவசர தரிசனம். ஆனாலும் தர்ப்பைமேல் படுத்திருக்கும் ராமரைப் பார்த்ததும் ராமானுஜர் ஞாபகம் வந்தது. குணமே இல்லாத பிரம்மம் என்று சங்கரர் சொன்னதை அவர் ஏற்கவில்லை, பரம்பொருள் கல்யாண குணங்கள் நிறைந்தவன் என்றார். சித்தப்பா சங்கரர் கட்சி, அது அவருக்கே தெரியாது. ஓரியூருக்குப் போக நேரமில்லை. 1693இல் கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டுப்பட்ட இடம் அது. அங்கே இந்த வழக்கே எழாது. சிலுவையில் தொங்குவது மனித உடம்பு.

டிரைவர் பாய் கீழக்கரைக்காரர். ஏர்வாடி தர்காவில் நிறுத்தினார். சந்தனக்கூடு விழாவில் மக்பராவில், அதாவது அடக்கத்தலத்தில், சந்தனம் பூசி, மக்களுக்கும் கொடுப்பார்கள் என்று சொன்னார். காலையில் பார்த்த சந்தனம் மாதிரியே. வெளியே வந்ததும் சித்தப்பா, "உங்களுக்கும் சாமிக்கு உருவம் கிடையாதுல்ல பாய்? நானும் அதைத்தான் சொல்றேன், வெறும் சக்தின்னு" என்றார், தன் கட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.

பாய் சிரித்தார். "உருவம் கிடையாதுங்கய்யா. ஆனா கேக்கிறவன், பாக்கிறவன். பிடரி நரம்பைவிடப் பக்கத்துல இருக்கான்னு குர்ஆன் சொல்லுது. இங்கே அடங்கியிருக்கிற பாதுஷா நாயகத்துக்கிட்ட, எங்களுக்காக துஆ செய்யுங்கன்னு கேக்குறோம். கொடுக்கிறவன் அவன்தான்."

இத்தனை நாள் நானும் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பியிருந்தேன். உருவம் இல்லாதது வேறு, ஆளே இல்லாதது வேறு. தேவிபட்டினத்துக் கல்லுக்கு முகமில்லை, பாட்டி அதனோடு சண்டை போட்டாள். சைவ சித்தாந்தம் லிங்கத்தை, உருவமும் அருவமும் சேர்ந்த அருவுருவம் என்று சொல்வதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது போலும். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பாம்பன் பாலத்தில் ஏறியபோதுதான், "பிடரி நரம்புன்னா எது பாய்?" என்றார். பாய் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம். பால் வழியும்போது வெள்ளை, தண்ணீர் ஊற்றியதும் விளக்கொளி ஊடுருவி மறுபடி கண்ணாடி. கூட்டம் தள்ளியதில் இவ்வளவுதான் கிடைத்தது. அப்புறம் அக்னி தீர்த்தம். பிண்டத்தைக் கரைத்துவிட்டு, ஈர வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் சித்தப்பா நின்றுகொண்டே இருந்தார். கூப்பிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

"கொல்லை முருங்கை இந்தத் தடவை நல்லாக் காய்ச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லை. நான் நாலு எட்டு பின்னால் வந்து, பாய்க்குப் போன் போட்டு, வண்டியை எடுக்க இன்னும் கொஞ்ச நேரமாகும் என்றேன்.