வேதபாட வகுப்பில் அறிமுகமான ஆன் ஜட்சன்

எழுபதுகளில் எங்களோடு படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடம் நினைவிருக்கும். பரீட்சைக்கு வராத பாடம் அது. வேதபாட ரீச்சர் அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மிஷனரிமாரின் சரித்திரம் சொல்லுவார். செருப்புத் தைத்த வில்லியம் கேரி செராம்பூரில் அச்சுக்கூடம் நடத்தியதும், 1812இல் அது தீப்பற்றி எரிந்து வருடக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானதும், அவர் திரும்பவும் முதலிலிருந்து எழுதத் தொடங்கியதும் ரீச்சர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்குள் வேர் பிடித்தது ஆன் ஜட்சனின் வாழ்க்கை.

அந்தக் கதைக்கும் எங்கள் பள்ளிக்கும் உறவு உண்டு. 1812 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து 'கரவன்' என்ற கப்பலில் இரண்டு இளம் தம்பதிகள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். அதோனிராம் ஜட்சனும் ஆனும் ஒரு சோடி. சாமுவேல் நியூவெலும் ஹரியற்றும் மற்றச் சோடி. ஆனுக்கு 22 வயது, ஹரியற்றுக்கு 18. கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைக் கல்கத்தாவில் இருக்க விடவில்லை. மொரீசியசுக்குப் போன ஹரியற் அந்த வருடம் முடியுமுன்னே, பிறந்த குழந்தையையும் பறிகொடுத்துத் தானும் காலமானார். தனித்துப்போன நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இங்கே ஊழியத்துக்கு இடமுண்டு என்று அவர் எழுதியதும் ஒரு காரணமாக, அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

ஜட்சன் தம்பதி வேறு வழியில் போனார்கள். கப்பலில் இருந்தபோதே ஞானஸ்நானத்தைப் பற்றி வேதத்தைத் துருவி ஆராய்ந்து, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, அதை வலியுறுத்துகிற பப்ரிஸ்ற் சபையார் ஆனார்கள். தங்களை அனுப்பிய சங்கத்தின் உதவி நின்றுபோகும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள். கையில் காசில்லை, போக இடமில்லை. 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், அங்கே கிடைத்த முதல் கப்பலில் ஏறினார்கள். அது ரங்கூனுக்குப் போகிற கப்பல்.

ரங்கூனில் முதலாவது ஆள், மவுங் நாவ், ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். ஆறு வருட உழைப்புக்கு ஒரே ஓர் ஆள். இந்த இடத்தில் ரீச்சர் கொஞ்சநேரம் பேசாமல் எங்களைப் பார்ப்பார். அந்த ஆறு வருடத்துக்குள் அவர்கள் ஓர் ஆண் குழந்தையையும் புதைத்திருந்தார்கள்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் மூண்டது. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர் என்ற சந்தேகத்தில் ஜட்சனை அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவின் மரணச் சிறையில் போட்டார்கள். காலில் மூன்று சோடி விலங்கு. இரவில் கால்களுக்கிடையே ஒரு மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும்தான் நிலத்தில் படும். சிறையில் சாப்பாடு போடுகிற வழக்கமில்லை. வீட்டார் கொண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி.

கொண்டுபோனவர் ஆன். கர்ப்பிணியாக இருந்த அந்த மனுஷி நாளாந்தம் அதிகாரிகளின் வாசல்களில் நின்றார். கையில் இருந்ததைக் காவலர்களுக்குக் கொடுத்துக் கெஞ்சினார். பர்மிய மொழியில் ஜட்சன் எழுதிய புதிய ஏற்பாட்டுப் பிரதியை முதலில் வீட்டடியில் புதைத்தார். மழை வந்தால் பழுதாகிவிடுமே என்று பிறகு அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். காவலன்கூட ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை. ஒருநாள், கணவருக்கு ஊர் ருசி காட்டவேண்டும் என்று எருமை இறைச்சியையும் வாழைக்காயையும் வைத்து அவர்கள் நாட்டுப் பலகாரம் ஒன்றை எப்படியோ செய்து அனுப்பினார். அதைக் கண்ட ஜட்சனுக்குச் சாப்பிட முடியவில்லை, அழுதுவிட்டார். எத்தனை அடிபட்டும் அழாதவர் என்று ரீச்சர் சேர்த்துச் சொல்லுவார்.

பிறகு எங்கள் ஊருக்கும் அந்தக் காலம் வந்தது. அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில் அம்மா புட்டைப் பொதி கட்டிக்கொண்டு முகாம் வாசலில் போய் நின்றார். என்னைப்போல எத்தனையோ பிள்ளைகள் அம்மாமாரின் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு அப்போது ஜெபிக்க வாயில் வார்த்தை வரவில்லை. ஆன் ஜட்சன் நின்றது நினைவுக்கு வந்தது. அவர் நம்பிய ஆண்டவர் இந்த வாசலிலும் நிற்கிறார் என்று பிடித்துக்கொண்டேன். விசுவாச வீரர் என்றால் சிறைக்குள் கிடந்தவரை மட்டுமே எண்ணுகிறவர்களோடு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. வெளியே சாப்பாட்டுப் பொதியோடு நின்றவரும் இரத்தசாட்சிதான்.

ஜட்சன் ஒன்றரை வருடத்துக்கு மேல் கைதியாக இருந்து விடுதலையானார். ஆன் 1826 ஒக்ரோபரில் பர்மாவின் அம்ஹேர்ஸ்ற் என்ற ஊரில் காய்ச்சலில் காலமானார். 37 வயதுகூட நிறையவில்லை. கணவர் பக்கத்தில் இல்லை. சிறைவாசத்தின்போது பிறந்த மகள் மரியாவும் தாய் இறந்து ஆறு மாதத்தில் போய்விட்டாள். பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை ஜட்சன் 1834இல் முடித்தார்.

அந்தத் தலையணை எப்படித் தப்பியது என்பதை ரீச்சர் ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்துவிடுவார். கைதிகளை ஆவாவிலிருந்து அப்புறப்படுத்திய அன்று காவலன் தலையணையின் பாயுறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த பஞ்சை எறிந்துவிட்டான். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி அதைக் கண்டு, ஜட்சனின் ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார். உள்ளே வேதம் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆபத்தான அந்த மாதங்களில் ஆனோடு துணையாக நின்றவரும் அவர்தான். இங்கே எங்கள் ஞாயிறுப் பாடசாலையில் இந்தச் சரித்திரத்தை நான் மூன்று வாரமாகப் பிரித்துச் சொல்லுகிறேன். மூன்றாவது வாரம் முழுவதும் மவுங் இங்குக்கு.